லா ஸ்கூலா, பிஎச்டியா? அமெரிக்காவில் இளங்கலைக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவில் பள்ளி முடித்த கையோடு சட்டம் படிக்கப் போக முடியாது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்துவிட்டு ஐந்தாண்டு சட்டப் படிப்பில் சேர்கிறார்களே, அப்படி ஒரு நேர்வழி இங்கே கிடையாது. முதலில் ஏதாவது ஒரு பாடத்தில் நான்காண்டு இளங்கலை, அப்புறம் லா ஸ்கூலில் ஜேடி என்ற மூன்றாண்டுச் சட்டப் பட்டம். பிஎச்டி செய்ய நினைப்பவர்களுக்கும் அந்த நான்கு ஆண்டுதான் அஸ்திவாரம். அதனால் பன்னிரண்டாம் வகுப்பில் எடுக்கும் கல்லூரி முடிவு, இருபத்திரண்டு வயதில் எடுக்கப்போகும் இன்னொரு முடிவையும் பாதி தீர்மானித்துவிடுகிறது.

நம் வீடுகளில் கல்லூரிப் பேச்சு வந்தால் முதலில் ரேங்க் பட்டியல்தான் மேசைக்கு வரும். எத்தனையாவது இடம், யார் வீட்டுப் பிள்ளை எங்கே சேர்ந்தது, பெயர் தெரிந்த கல்லூரியா என்றுதான் பேச்சு ஓடும். அடுத்த படிப்பு ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகு இந்தக் கேள்விகள் போதாது. நான்கு வருடம் கழித்து அடுத்த விண்ணப்பத்தை எழுத உட்காரும்போது, இந்தக் கல்லூரி என் பிள்ளையின் கையில் என்னவெல்லாம் கொடுத்து அனுப்பியிருக்கும் என்று கேட்க வேண்டும். மதிப்பெண், பேராசிரியர்களின் கடிதங்கள், செய்த வேலை, வாங்கிய கடன் எல்லாம் அதில் அடக்கம்.

படி 1: அங்கே என்ன கேட்கிறார்கள் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

லா ஸ்கூலும் பிஎச்டியும் ஆளை எடுக்கும் விதமே வேறு. இரண்டையும் "மேல்படிப்பு" என்று ஒன்றாகக் கட்டிவிட்டால், கல்லூரித் தேர்வு குழம்பிவிடும்.

லா ஸ்கூல்கள் முதலில் பார்ப்பது இரண்டு எண்களை. ஒன்று இளங்கலை ஜிபிஏ, அதாவது எல்லாப் பாடங்களின் சராசரி மதிப்பெண். இன்னொன்று 120-லிருந்து 180 வரை மதிப்பெண் தரும் எல்சாட் என்ற லா ஸ்கூல் நுழைவுத் தேர்வு. கட்டுரை, பரிந்துரைக் கடிதம், வேலை அனுபவம் எல்லாம் முக்கியம்தான், ஆனால் அந்த இரண்டு எண்களும் கதவைத் திறந்த பிறகு வருபவை. காரணம் இதுதான்: அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு லா ஸ்கூலும், சேர்ந்த மாணவர்களின் ஜிபிஏ, எல்சாட் நடுமதிப்புகளை ஆண்டுதோறும் பொதுவில் வெளியிட வேண்டும். 509 அறிக்கை என்பார்கள். ரேங்க் பட்டியல்களும் அந்த எண்களை எடுத்துக்கொள்கின்றன. தன் நடுமதிப்பு இறங்க எந்தப் பள்ளியும் விரும்பாது. மிக உயர்ந்த லா ஸ்கூல்களில் இந்த நடுமதிப்பு ஜிபிஏ 3.9-க்கும் மேலே நிற்கிறது.

பிஎச்டியில் உங்கள் பிள்ளையைத் தேர்ந்தெடுப்பது பேராசிரியர்களே. ஐந்தாறு வருடம் தங்களோடு ஆய்வு செய்யப்போகிற ஆளைத் தேடுகிறார்கள். இவருக்கு ஆய்வு என்றால் என்னவென்று தெரியுமா, தோற்றுப்போன சோதனையைத் திரும்பச் செய்யும் பொறுமை இருக்கிறதா என்பதே அவர்கள் கேள்வி. அதற்குப் பதில் மூன்று பேராசிரியர்களின் கடிதங்களிலும், செய்து முடித்த ஆய்விலும், எடுத்த கடினமான பாடங்களிலும் இருக்கிறது. 3.9-க்கும் 3.75-க்கும் உள்ள வித்தியாசம் அங்கே அவ்வளவு பெரிதில்லை.

பதினேழு வயதில் எது வேண்டும் என்று நிச்சயமாகத் தெரியாத பிள்ளைகள்தான் அதிகம். அது சரி. இரண்டு வழியும் திறந்திருக்கிற கல்லூரியாகப் பார்த்தால் போதும்.

படி 2: லா ஸ்கூலுக்கான ஜிபிஏ எப்படிக் கணக்கிடப்படுகிறது

இதைப் பள்ளி நாட்களிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். பல குடும்பங்களுக்கு இது தெரிவது விண்ணப்பிக்கும்போதுதான்.

கல்லூரி தன் மதிப்பெண் பட்டியலில் போடும் ஜிபிஏவை லா ஸ்கூல்கள் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. எல்எஸ்ஏசி என்ற அமைப்பு, மாணவர் படித்த எல்லாக் கல்லூரிகளின் பட்டியல்களையும் வாங்கி, தன் முறையில் ஒரு ஜிபிஏ போடுகிறது. முதல் இளங்கலைப் பட்டம் வாங்கும் நாள் வரை எடுத்த எல்லாக் கல்லூரிப் பாடங்களும் அதில் சேரும். "எல்லா" என்பதில் பள்ளியில் படிக்கும்போதே உள்ளூர் கம்யூனிட்டி கல்லூரியில் எடுத்த பாடங்களும் அடக்கம்.

நம் பிள்ளைகள் நிறையப் பேர் பத்தாம், பதினோராம் வகுப்பிலேயே இப்படிக் கல்லூரிப் பாடம் எடுக்கிறார்கள். கிரெடிட் மிச்சமாகும், விண்ணப்பத்தில் அழகாக இருக்கும் என்று நாமும் உற்சாகப்படுத்துகிறோம். பதினைந்து வயதில் எடுத்த அந்தப் பாடங்களில் 12 கிரெடிட்டுக்கு "பி", அதாவது 3 புள்ளி, வாங்கியதாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் கல்லூரியில் கஷ்டப்பட்டுப் படித்து 108 கிரெடிட்டுக்கு 3.9 எடுக்கிறார். கல்லூரிப் பட்டியலில் 3.9 என்று இருக்கும். எல்எஸ்ஏசி கணக்கில் பன்னிரண்டை மூன்றால் பெருக்கி, நூற்றெட்டை 3.9-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி 120-ஆல் வகுத்தால் வருவது 3.81. மேல்மட்ட லா ஸ்கூல்களில் இந்த 0.09 பெரிய விஷயம்.

இன்னும் சில விதிகள் உண்டு. ஏ பிளஸுக்கு எல்எஸ்ஏசி 4.33 தருகிறது. ஏ பிளஸ் போடும் கல்லூரியில் படித்தால் 4.0-க்கு மேலேயும் போகலாம். ஏ தான் உச்சம் என்று வைத்திருக்கும் கல்லூரியில் அந்த வாய்ப்பு இல்லை. தோற்ற பாடத்தைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினால் சில கல்லூரிகள் பழைய மதிப்பெண்ணைக் கணக்கிலிருந்து எடுத்துவிடும். பட்டியலில் மதிப்பெண்ணும் கிரெடிட்டும் தெரிந்தால் எல்எஸ்ஏசி இரண்டையும் சேர்த்துவிடும். முதுகலையில் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் இந்த ஜிபிஏ மாறாது. இளங்கலையில் விட்டது விட்டதுதான்.

அதனால் சட்டத்தின் மீது ஆசை இருக்கும் பிள்ளை பள்ளியில் கல்லூரிப் பாடம் எடுக்கும்போது, எண்ணிக்கைக்காக எடுக்காமல், நன்றாகச் செய்ய முடியும் என்று தெரிந்ததை மட்டும் எடுக்கட்டும். பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தும் ஏபி பாடங்களில் இந்தச் சிக்கல் இல்லை. அவற்றில் வருவது தேர்வு மதிப்பெண்தான். கல்லூரி கிரெடிட் கொடுத்தாலும் அதற்கு எழுத்து மதிப்பெண் இருக்காது.

படி 3: அந்தக் கல்லூரியில் மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்

ஒரே அளவு உழைப்புக்கு எல்லாக் கல்லூரியும் ஒரே மதிப்பெண் கொடுப்பதில்லை. பிரின்ஸ்டன் 2004-ல், ஏ மதிப்பெண்கள் சுமார் 35 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்று துறைகளுக்கு வழிகாட்டுதல் கொடுத்தது. மாணவர்கள் பத்தாண்டு முறையிட்டார்கள். 2014-ல் அதைக் கைவிட்டார்கள். ஓரிகனில் உள்ள ரீட் கல்லூரி இன்றும் மதிப்பெண் விஷயத்தில் கறார் என்று பெயர் பெற்றது.

கறாரான கல்லூரி என்று லா ஸ்கூலுக்குத் தெரியாதா? தெரியும். எல்எஸ்ஏசி அனுப்பும் அறிக்கையிலேயே, அந்தக் கல்லூரியிலிருந்து விண்ணப்பிப்பவர்களிடையே இவர் எங்கே நிற்கிறார் என்ற விவரம் உண்டு. ஆனால் அவர்கள் 509 அறிக்கையில் வெளியிட வேண்டியது வெறும் எண்ணை. 3.5-க்குப் பின்னால் எவ்வளவு கடின உழைப்பு இருந்தாலும், அறிக்கையில் அது 3.5 தான். பிஎச்டியில் நிலைமை தலைகீழ். ரீட் மாணவரின் 3.5-ஐப் பார்க்கும் பேராசிரியருக்கு அதன் மதிப்பு தெரியும், அதோடு வரும் ஆய்வேட்டையும் அவர் படிப்பார்.

ஆகவே சட்டம் நிச்சயம் என்று இருக்கும் பிள்ளைக்கு, மதிப்பெண் கொடுக்கக் கஞ்சத்தனம் காட்டும் கல்லூரியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே படிப்பதில் உண்மையான ஆசை இருந்தால், விலை தெரிந்து போகட்டும். வகுப்பில் நடுவில் நிற்கும் இடத்தைவிட மேல் கால்வாசியில் நிற்கும் இடம் சட்டத்துக்கு நல்லது. நுழைவு கடினமான கல்லூரியில் எப்படியோ இடம் கிடைத்துவிட்டது என்று சேர்த்துவிட்டு, நாலு வருடமும் மூச்சுத் திணறவிடுவது பிள்ளைக்கும் கொடுமை.

படி 4: "ப்ரீ-லா" என்ற பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாறாதீர்கள்

லா ஸ்கூலுக்கு என்று இளங்கலையில் கட்டாய மேஜர் (முதன்மைப் பாடம்) கிடையாது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கமும் எந்தப் பாடத்தையும் பரிந்துரைப்பதில்லை. சில கல்லூரிகள் லா ஸ்கூலுக்குத் தயார் செய்ய என்று ப்ரீ-லா என்றே ஒரு மேஜர் வைத்திருக்கின்றன. எல்சாட் மதிப்பெண்களைப் பாடவாரியாகப் பார்த்தால் மெய்யியல், பொருளியல், கணிதம் படித்தவர்கள் சராசரியில் மேலே இருக்கிறார்கள். ப்ரீ-லா, குற்றவியல் நீதி படித்தவர்கள் கீழே. பாடம்தான் காரணம் என்று சொல்ல முடியாது, எந்த மாதிரி மாணவர்கள் எதை எடுக்கிறார்கள் என்பதும் இருக்கிறது. ஆனாலும் ப்ரீ-லா என்ற பெயர் கூடுதலாக எதையும் வாங்கித் தராது என்பது தெளிவு. நிறையப் படிக்கவும், வாதத்தைப் பிரித்துப் பார்க்கவும், திரும்பத் திரும்ப எழுதவும் வைக்கிற பாடம் எதுவானாலும் சரி. எல்சாட்டிலும் 2024 ஆகஸ்ட் முதல் "லாஜிக் கேம்ஸ்" பகுதியை எடுத்துவிட்டார்கள். இப்போது வாதத்தைப் பகுத்தறிவதும் வாசித்துப் புரிந்துகொள்வதும்தான்.

கல்லூரிக்குச் சொந்தமாக லா ஸ்கூல் இருந்தால் நல்லது என்ற எண்ணமும் பரவலாக உண்டு. பிரின்ஸ்டனுக்கு லா ஸ்கூலே கிடையாது. பிரவுன், டார்ட்மத் கல்லூரிகளுக்கும் கிடையாது. உச்ச நீதிமன்றத்தில் இப்போது இருக்கும் நீதிபதிகளில் அலிட்டோ, சோட்டோமேயர், கேகன் மூவரும் பிரின்ஸ்டனில் இளங்கலை படித்தவர்கள். ஏமி கோனி பாரெட் படித்ததோ மெம்ஃபிஸ் நகரில் உள்ள ரோட்ஸ் கல்லூரியில், ஆங்கில இலக்கியம். அங்கே முதல் வரிசையில் முடித்து, முழு உதவித்தொகையோடு நாட்ரடாம் லா ஸ்கூலுக்குப் போனவர். கிளாரன்ஸ் தாமஸ் ஹோலி கிராஸ் கல்லூரி.

உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும்: யேல், ஹார்வர்ட் லா ஸ்கூல்களில் ஐவி லீக் கல்லூரிகளிலிருந்து வருபவர்கள் விகிதத்துக்கு மீறி இருக்கிறார்கள். அந்த இளங்கலைக் கல்லூரிகளே நன்றாகப் படிக்கும், நன்றாகத் தேர்வெழுதும் பிள்ளைகளை வடிகட்டி எடுத்தவை என்பதும் அதற்கு ஒரு காரணம். அதே நேரம், ஹார்வர்ட் லா ஸ்கூலின் ஒவ்வோர் ஆண்டு வகுப்பிலும் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளிலிருந்து மாணவர்கள் இருக்கிறார்கள்.

நம் வீடுகளுக்கென்று ஒரு விஷயம். பொறியியல் படித்துவிட்டு சட்டத்துக்குப் போனால் படித்தது வீண் என்று பெற்றோர் கவலைப்படுவார்கள். அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் வழக்காடத் தனியாக ஒரு தேர்வு எழுத வேண்டும். அதை எழுதவே அறிவியல் அல்லது பொறியியல் பின்னணி தேவை. அதனால் காப்புரிமைச் சட்டத்தில் பொறியியல் பட்டதாரிக்கு நல்ல கிராக்கி. ஆனால் பொறியியல் வகுப்புகளில் ஜிபிஏ எளிதில் ஏறாது. காப்புரிமைச் சட்டத்தில் ஆர்வம் இல்லாத பிள்ளையைப் "பாதுகாப்புக்கு இருக்கட்டும்" என்று பொறியியலில் தள்ளினால், அந்தப் பாதுகாப்பே லா ஸ்கூல் வாய்ப்பைக் குறைத்துவிடும்.

படி 5: பிஎச்டி எண்ணம் இருந்தால் ஆய்வு நடக்கும் இடத்தைத் தேடுங்கள்

அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளை, பிஎச்டி வாங்கியவர்கள் இளங்கலை எங்கே படித்தார்கள் என்று பல ஆண்டுகளாகக் கணக்கெடுக்கிறது. மொத்த எண்ணிக்கையில் பெர்க்லி, மிச்சிகன் போன்ற பெரிய பல்கலைக்கழகங்கள் முன்னால் நிற்கும். கல்லூரியின் அளவுக்கு விகிதம் போட்டுப் பார்த்தால் பட்டியலே மாறிவிடும். கால்டெக், ஹார்வி மட், ஸ்வார்த்மோர், ரீட், கார்ல்டன் என்று வரிசை வரும். இவற்றில் கால்டெக் தவிர மற்றவை பிஎச்டியே நடத்தாத சிறிய கல்லூரிகள். நம் உறவினர் பலர் பெயரே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

இது எப்படி நடக்கிறது? பட்டமேற்படிப்பு மாணவர்கள் இல்லாத இடத்தில், பேராசிரியரின் ஆய்வில் கைகொடுக்க இளங்கலை மாணவர்களைத் தவிர வேறு ஆள் இல்லை. கருவியைத் தொடுவது, தரவைச் சுத்தம் செய்வது, கட்டுரை வரைவை எழுதுவது எல்லாம் அவர்கள்தான். ரீட், ஊஸ்டர் கல்லூரிகளில் கடைசி ஆண்டில் ஒரு சொந்த ஆய்வேடு ஒவ்வொருவருக்கும் கட்டாயம். பிரின்ஸ்டனிலும் கிட்டத்தட்ட எல்லோரும் எழுத வேண்டும்.

பெரிய பல்கலைக்கழகத்திலும் இது முடியும், பிள்ளைதான் தேடிப் போக வேண்டும். அங்கே கிடைக்கும் அனுகூலம் வேறு: மூன்றாம் ஆண்டிலேயே முதுகலை வகுப்புகளில் உட்காரலாம். கணிதம், இயற்பியல், பொருளியல் பிஎச்டிக்கு இது பெரிய பலம். பொருளியல் பிஎச்டிக்குப் போகிறவர் ரியல் அனாலிசிஸ், லீனியர் அல்ஜீப்ரா போன்ற கணிதப் பாடங்களில் நன்றாகச் செய்திருக்க வேண்டும் என்று நல்ல துறைகள் எதிர்பார்க்கின்றன. பொருளியல் துறை பெயருக்கு இருந்து, கணிதத் துறையில் அந்தப் பாடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கிறது என்றால் சிக்கல். கல்லூரியின் பாடத்திட்டப் புத்தகத்தில் இருப்பதை நம்பாமல், கடந்த நாலு பருவங்களில் உண்மையில் என்னென்ன நடந்தது என்று வகுப்பு அட்டவணையைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

கல்லூரியைப் பார்க்கப் போனால் வழிகாட்டி மாணவர் காட்டும் நூலகத்தையும் சாப்பாட்டுக் கூடத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பிள்ளை விரும்பும் துறையின் கட்டடத்துக்குத் தனியாக நடந்து போங்கள். பேராசிரியர் அறைகள் இருக்கும் நடையில் ஆய்வுச் சுவரொட்டிகள் ஒட்டியிருப்பார்கள். ஒவ்வொன்றிலும் தலைப்புக்குக் கீழே இருக்கும் பெயர்களைப் படியுங்கள். இளங்கலை மாணவர்களின் பெயர்கள் இருக்கின்றனவா, இருந்தால் முதலில் வருகிறதா கடைசியில் வருகிறதா? தேதி இந்த ஆண்டா, ஐந்து வருடப் பழசா? அறைக் கதவுகளில் மாணவர்களைச் சந்திக்கும் நேரம் எழுதியிருக்கும். அந்த நேரத்தில் கதவு திறந்திருக்கிறதா, உள்ளே யாராவது உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்களா? இந்தப் பத்து நிமிடத்தில் தெரிவது, வண்ண வண்ணமான கையேட்டில் தெரியாது.

படி 6: பரிந்துரைக் கடிதம் எங்கிருந்து வரும்

சட்டத்துக்குப் பொதுவாக இரண்டு கடிதம், பிஎச்டிக்கு மூன்று. "என் வகுப்பில் ஏ வாங்கினார், ஒழுங்காக வந்தார்" என்று எழுதிய கடிதத்தால் பயனில்லை. அப்படித்தான் எழுத முடியும், முந்நூறு பேர் உட்காரும் வகுப்பில் பேராசிரியருக்கு முகமே தெரியாதபோது. பட்டமேற்படிப்பு மாணவரான உதவி ஆசிரியர் எழுதினால் அதற்கு எடை குறைவு.

வகுப்பு அளவைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல ஆவணம் இருக்கிறது: காமன் டேட்டா செட். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. கல்லூரிப் பெயரோடு சேர்த்துத் தேடினால் கிடைக்கும். அதில் "ஐ" பகுதியில் இருபது பேருக்குக் குறைவான வகுப்புகள் எத்தனை, நூறு பேருக்கு மேல் எத்தனை என்று அட்டவணையாக இருக்கும். மாணவர்-ஆசிரியர் விகிதம் என்று விளம்பரத்தில் வரும் எண்ணைவிட இது பல மடங்கு உண்மை பேசும்.

மாநிலப் பல்கலைக்கழகத்தின் கட்டணத்தில் சிறிய வகுப்பு வேண்டுமென்றால், அதற்குள்ளேயே தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கென்று நடக்கும் ஆனர்ஸ் கல்லூரிகளைப் பாருங்கள். அரிசோனா ஸ்டேட்டில் பாரெட், பென் ஸ்டேட்டில் ஷ்ரேயர் போன்றவை பெயர் பெற்றவை. ஷ்ரேயரில் ஆய்வேடும் கட்டாயம்.

படி 7: பணக் கணக்கை ஏழு வருடத்துக்குப் போடுங்கள்

பல குடும்பங்கள் நாலு வருடத்துக்கு மட்டும் கணக்குப் போட்டு, கையிருப்பு முழுவதையும் இளங்கலையில் கொட்டிவிடுகின்றன. லா ஸ்கூல் வரும்போது எல்லாமே கடனாகிவிடுகிறது.

பல தனியார் கல்லூரிகளின் முழு ஆண்டுச் செலவு இன்று 90,000 டாலரைத் தொட்டுவிட்டது. உங்கள் மாநிலப் பல்கலைக்கழகத்தில் தங்குமிடத்தோடு 32,000 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். உதவித்தொகை எதுவும் கிடைக்காத குடும்பத்துக்கு நாலு வருடத்தில் வித்தியாசம் 2,32,000 டாலர். பல மாநிலங்களின் அரசு லா ஸ்கூலில் மூன்றாண்டுப் படிப்பையே அந்தப் பணத்தில் முடித்துவிடலாம். மறுபக்கம், பெரிய தனியார் லா ஸ்கூல்களில் தங்குமிடத்தோடு ஆண்டுக்கு 1,00,000 டாலருக்கு மேல் ஆகிறது.

கடன் விதிகளும் மாறிவிட்டன. முன்பெல்லாம் கிராட் பிளஸ் என்ற அரசுக் கடனில், பள்ளி சொல்லும் முழுச் செலவையும் கடனாக வாங்க முடிந்தது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டத்தின்படி, 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு அது கிடையாது. சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு அரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் வரைதான். மற்ற பட்டமேற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 20,500, மொத்தம் 1,00,000. பிள்ளையின் இளங்கலைக்காகப் பெற்றோர் வாங்கும் பிளஸ் கடனுக்கும் ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 என்று உச்சவரம்பு வந்துவிட்டது. மீதியைத் தனியார் கடனில்தான் எடுக்க வேண்டும். ஆகவே லா ஸ்கூல் வரை கையில் கொஞ்சம் பணம் மிச்சம் வைக்கும் கல்லூரிக்கு முன்பைவிட இப்போது மதிப்பு அதிகம்.

வக்கீலானால் சம்பாதித்துக் கட்டிவிடலாம் என்பார்கள். பெரிய நிறுவனங்களில் முதலாண்டு வக்கீலுக்கு 2,25,000 டாலர் வரை சம்பளம் என்பது உண்மை. ஆனால் புதிய வக்கீல்களின் சம்பளத்தை வரைபடமாகப் போட்டால் இரண்டு மேடுகள் வரும். ஒன்று அந்த உச்சத்தில், இன்னொன்று 1,00,000 டாலருக்குக் கீழே. நடுவில் ஆட்கள் குறைவு. அரசு வழக்கறிஞர், பொதுப் பாதுகாப்பு வழக்கறிஞர், சிறு அலுவலகம் என்று போகிறவர்கள் கீழ் மேட்டில்தான் இருப்பார்கள். ஏழைகளுக்காக வழக்காட வேண்டும் என்ற ஆசையோடு போன பிள்ளை, கடன் காரணமாக மட்டும் பெருநிறுவன வேலைக்குப் போவதைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தக் கட்டாயம் இளங்கலைக் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது.

பிஎச்டிக்கு வேறு கணக்கு. நல்ல பிஎச்டி துறைகள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாத உதவித்தொகையும் கொடுக்கும். பணம் கட்டிப் படிக்கும் முதுகலைக்குத்தான் கையில் காசு வேண்டும்.

விளம்பர விலையைப் பார்த்துப் பயந்து எந்தக் கல்லூரியையும் ஒதுக்கிவிடவும் வேண்டாம். ஒவ்வொரு கல்லூரியின் இணையதளத்திலும் நிகர விலைக் கணிப்பான் இருக்கிறது. 2011 முதல் சட்டப்படி இருக்க வேண்டும். உங்கள் வருமானம், சேமிப்பைப் போட்டால் உங்கள் குடும்பத்துக்கான விலை தோராயமாக வரும். ஹார்வர்ட் 2025-26 கல்வியாண்டு முதல் 2,00,000 டாலர் வரை வருமானமுள்ள, வழக்கமான சொத்து நிலை கொண்ட குடும்பங்களுக்குக் கல்விக் கட்டணமே வாங்குவதில்லை. சில குடும்பங்களுக்கு ஹார்வர்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தைவிட மலிவு.

லா ஸ்கூல் உதவித்தொகையையும் இங்கேயே யோசியுங்கள். யேல், ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட் மூன்றும் தேவையைப் பார்த்து மட்டும் தருகின்றன. மற்ற பெரும்பாலானவை எல்சாட், ஜிபிஏவைப் பார்த்துத் தருகின்றன. உயர்ந்த ஜிபிஏ அங்கே நேரடியாகப் பணமாக மாறும்.

படி 8: எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைகள்

பச்சை அட்டை வரிசையில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு இது தனிக் கவலை. வேலை விசாவில் இருப்பவரின் பிள்ளைக்குக் கிடைக்கும் எச்-4-ல் இருக்கும் மாணவருக்கு மத்திய அரசின் கல்வி உதவியும் கடனும் கிடையாது. பல கல்லூரிகள் அவர்களைச் சர்வதேச மாணவராகவே எண்ணும். உள்மாநிலக் கட்டணம் கிடைக்குமா என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். சேர்க்கை அலுவலகத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். இருபத்தொரு வயதில் எச்-4 முடிந்து எஃப்-1 மாணவர் விசாவுக்கு மாற வேண்டி வந்தால் அந்தக் கட்டணச் சலுகை தொடருமா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள். அந்த வயது கல்லூரி நடுவிலேயே வந்துவிடும்.

லா ஸ்கூலுக்குத் தனியார் கடன் வாங்கப் போனால் பெரும்பாலும் குடியுரிமையோ பச்சை அட்டையோ உள்ள ஒருவர் கூடக் கையெழுத்துப் போட வேண்டும். பிஎச்டி ஆசையுள்ளவர்களுக்கு இன்னொன்று: தேசிய அறிவியல் அறக்கட்டளையின் ஆர்ஈயு என்ற கோடை ஆய்வுத் திட்டங்களில் அந்த அமைப்பின் பணத்தில் சேரக் குடியுரிமை அல்லது பச்சை அட்டை வேண்டும். ஆகவே தன் சொந்தப் பணத்தில் கோடை ஆய்வு நடத்தும் கல்லூரியா, அதில் எல்லா மாணவர்களும் சேரலாமா என்று கேட்டுப் பாருங்கள். நிதித் தேவையைப் பாராமல் வெளிநாட்டவரையும் சேர்த்து, தேவைப்படும் முழு உதவியையும் தரும் இடங்கள் குறைவு. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் அவற்றில் சில.

படி 9: குறுக்கு வழிகளை நிதானமாகப் பாருங்கள்

மூன்றாண்டு இளங்கலை, மூன்றாண்டு சட்டம் என்று ஆறே வருடத்தில் முடிக்கும் 3+3 திட்டங்கள் சில இடங்களில் உண்டு. ஃபோர்டம், அயோவா பல்கலைக்கழகங்கள் இப்படி நடத்துகின்றன. ஒரு வருடச் செலவு மிச்சம். ஆனால் பதினெட்டு வயதில் போட்ட முடிவோடு ஒரே லா ஸ்கூலுக்குக் கட்டுப்படுவது, மற்ற இடங்களின் உதவித்தொகையை ஒப்பிடும் வாய்ப்பை இழப்பது என்று விலையும் இருக்கிறது. மேல்மட்ட லா ஸ்கூல்களில் சேருபவர்களில் பெரும்பான்மையோர் ஓரிரு வருடம் வேலை பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பதையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். அவசரம் எதுவும் இல்லை.

கம்யூனிட்டி கல்லூரியில் இரண்டு வருடம் படித்துவிட்டு மாறுவது நல்ல சிக்கனம். கலிஃபோர்னியாவில் மாநிலப் பல்கலைக்கழகமான யுசியின் ஆறு வளாகங்களுக்கு நிபந்தனைகளோடு உறுதியான இடமாற்ற ஒப்பந்தம் உண்டு. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ அதில் இல்லை. அந்த இரண்டு வருட மதிப்பெண்களும் எல்எஸ்ஏசி கணக்கில் சேரும். பிஎச்டி எண்ணம் இருந்தால், மாறி வந்த பிறகு ஆய்வுக்கும் கடிதத்துக்கும் இரண்டே வருடம்தான் இருக்கும் என்பதால் முதல் பருவத்திலேயே பேராசிரியர்களைத் தேடிப் போக வேண்டும்.

படி 10: ஏப்ரல் மாதம்

சேர்க்கைக் கடிதங்கள் வந்து சேர்ந்த பிறகு, இடம் கிடைத்த ஒவ்வொரு கல்லூரிக்கும் இந்தக் கேள்விகளை மின்னஞ்சலில் அனுப்புங்கள். கடந்த ஆண்டு இங்கிருந்து எத்தனை பேர் லா ஸ்கூலுக்கு விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது, அவர்களின் ஜிபிஏ எந்த அளவில் இருந்தது? ப்ரீ-லா ஆலோசகர் முழுநேரமா? இந்தத் துறையிலிருந்து கடந்த ஐந்தாண்டில் பிஎச்டிக்கு யார் எங்கே போனார்கள்? எழுத்து மதிப்பெண்ணில் ஏ பிளஸ் உண்டா? உதவித்தொகையைத் தக்கவைக்க எவ்வளவு ஜிபிஏ வேண்டும்? "எங்கள் மாணவர்களில் 90 சதவீதம் பேருக்கு இடம் கிடைக்கிறது" என்று பொதுவாகச் சொன்னால், எத்தனை பேரில், எந்தப் பள்ளிகளில் என்று திரும்பக் கேளுங்கள். நல்ல ஆலோசகர் விவரமாகப் பதில் எழுதுவார். அந்தப் பதிலின் தரமே ஒரு தகவல்.

நிதி உதவிக் கடிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கடனை உதவி என்று சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். இன்னொரு கல்லூரி அதிகம் கொடுத்திருந்தால் அதைக் காட்டி மறுபரிசீலனை கேட்கலாம். கேட்பதில் கூச்சம் வேண்டாம், அதற்கென்றே அலுவலகத்தில் நடைமுறை இருக்கிறது. பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே 1 வரை நேரம் உண்டு.

முன்பணம் கட்டிய பிறகு முதல் பருவப் பாடங்களைப் பதிவு செய்யும்போது, ஒரே நேரத்தில் நாலு கடினமான பாடம் போட வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். சிறிய வகுப்பு ஒன்றாவது இருக்கட்டும், முதல் கடிதம் எழுதப்போகும் பேராசிரியர் பெரும்பாலும் அங்கேதான் கிடைப்பார். ஒழுங்கு நடவடிக்கை பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அடுத்தவர் கட்டுரையையோ ஏஐ எழுதியதையோ தன்னுடையது என்று கொடுத்து மாட்டினால், லா ஸ்கூல் விண்ணப்பமும் பின்னால் வழக்கறிஞர் பதிவும் அதைப் பற்றிக் கேட்கும். மறைத்தால் அது இன்னும் பெரிய குற்றம்.